பந்தைக் கீழே வைக்கும் கோல்கீப்பர்

பூங்கோதை கோல்கீப்பர் ஆனதற்குக் காரணம் ஒரு டீ கிளாஸ்.

கல்லூரி கேன்டீனில் அன்று நல்ல கூட்டம். இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கும் பூங்கோதை, பாதி வடையை வாயில் வைத்தபடி, எதிரே உட்கார்ந்திருந்த தோழி கயல்விழி சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கதை சூடு பிடித்த இடத்தில் கயல்விழி கையை வீச, டீ கிளாஸ் மேசை விளிம்பைத் தாண்டிப் போனது. பூங்கோதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கை மட்டும் தானாகக் கீழே போய் கிளாஸைப் பிடித்து, மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி வடைக்குத் திரும்பியது.

அவளுக்கு அதில் அதிசயம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் பின்பக்கமே கொலு பொம்மை செய்யும் செராமிக் பட்டறை. அம்மா காசியம்மாள்தான் முதலாளி, மேஸ்திரி எல்லாம். சூளையிலிருந்து வந்த பிள்ளையாரும் மீனாட்சியும் செட்டியார் தம்பதியும் வருஷம் பூராவும் அந்த வீட்டில் மனுஷர் நடமாட இடம் விடாமல் நின்றுகொண்டிருப்பார்கள். நடை பழகும் வயதில் பூங்கோதை அதிகம் கேட்ட சொல் ‘பாத்து’. அங்கே எது விழுந்தாலும் தரையைத் தொடுவதற்குள் யாராவது பிடித்துவிடுவார்கள். பிடித்ததைத் திருப்பிப் பார்ப்பார்கள், விரிசல் உண்டா என்று விரலால் தட்டிக் கேட்பார்கள், பிறகு இரண்டு கையாலும் பதமாகக் கீழே வைப்பார்கள்.

பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள். பெயர் துர்கா. மூன்றாம் ஆண்டு வரலாறு, பெண்ணாடத்துக்காரி. அண்ணன்களோடு சர்க்கரை ஆலைப் பக்கத்து மைதானத்தில் பந்து உதைத்தே வளர்ந்தவள். இந்த வருஷம் பெண்கள் கால்பந்து அணி ஒன்று கட்டாயம் போக வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். ஆள் பிடிக்கிற வேலை துர்கா தலையில் விழுந்தது. தன்னோடு சேர்த்துப் பத்துப் பேரைத் தேற்றிவிட்டாள். அதில் பாதிப் பேர் கபடி ஆடுகிறவர்கள். ஒருத்தி டிராக் சூட் இலவசம் என்று கேள்விப்பட்டு வந்தவள்.

“நீதான் நம்ம கீப்பரு” என்றாள் துர்கா.

“எந்த ஸ்டோருக்குங்க?” என்றாள் பூங்கோதை.

மறுநாள் சாயங்காலமே அவளை இழுத்துக்கொண்டு போய் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். மைதானத்தில் கருவேல முள்ளும் யாரோ ஓட்டிவந்த ஆடுகளும் இருந்தன. விசிலோடு பழமலைநாதன் சார் இருந்தார். அவர் தாவரவியல். விளையாட்டு ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தது; கல்லூரியில் சொந்தமாக விசில் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான் என்பதால் பொறுப்பு அவருக்கு வந்தது. ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே யோசனை, “எல்லாரும் பந்தையே பாத்துக்கிட்டு இருங்கம்மா” என்பது. அதைக் கேட்டு மற்றப் பத்துப் பேரும் பந்து இருக்கும் இடத்துக்கே ஓடினார்கள். மேலே இருந்து பார்த்தால் கூடு கலைந்த தேனீ மாதிரி இருந்திருக்கும்.

ஆனால் பூங்கோதை பிடித்தாள். மேலே அடித்தாலும் கீழே அடித்தாலும், முகத்துக்கு நேராக அடித்தாலும், பந்து அவள் கைக்குள் போய் உட்கார்ந்தது. துர்காவே பத்து முறை உதைத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

“நம்மள யாராலயும் ஜெயிக்க முடியாதுடி” என்றாள்.

முதல் ஆட்டம் கடலூரில். ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி ஓங்கி அடித்தாள். பூங்கோதை தாவிப் பிடித்தாள். நம் பக்கம் கைதட்டல். பூங்கோதை பந்தைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு குனிந்து இரண்டு கையாலும் அதைப் புல்லின்மேல் ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அடித்த பெண் பக்கத்திலேயேதான் நின்றாள். இப்படி ஒரு உபசாரத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு நொடி தயங்கி, சுற்றுமுற்றும் பார்த்து, காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். கோல்.

அன்று ஏழு கோல் வாங்கினார்கள்.

“அதுல மூணு அவுங்க போட்டது. நாலு நீயா குடுத்தது” என்றாள் துர்கா, திரும்பி வரும் பஸ்ஸில்.

“கை தானா வைக்குதுக்கா. நான் என்னா பண்றது?”

“இனிமே கீழ வைக்காத. செத்தாலும் வைக்காத.”

இரண்டாவது ஆட்டத்தில் பூங்கோதை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பிடித்த பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எறியவும் தெரியவில்லை, கீழே வைக்கவும் கூடாது. நடுவர் விரலை நீட்டி எண்ணிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். கோல்கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று புதுச் சட்டமாம். பழமலைநாதன் சாருக்குப் பழைய சட்டமே தெரியாது. கார்னர் வரும், பூங்கோதை பிடிப்பாள், அணைத்துக்கொண்டு நிற்பாள், மறுபடி கார்னர். ஒரு கட்டத்தில் எதிரணிப் பெண்கள் கார்னர் கம்பத்துப் பக்கமே குடியிருந்தார்கள். அவள் கைக்குத் தப்பியதில் ஐந்து கோல்.

அன்றைக்குத்தான் பூங்கோதைக்கு முதன்முதலாக அழுகை வந்தது. அதுவரை அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். துணைக்கு வந்திருந்த கயல்விழி முறுக்கு நீட்டினாள். அதையும் இரண்டு கையால் வாங்கி, உடையாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

துர்கா அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏன்டி, உன் வாழ்க்கையில எதையாச்சும் தூக்கிப் போட்டு ஒடைச்சிருக்கியா?”

பூங்கோதை யோசித்துப் பார்த்தாள். “இல்லக்கா.”

மூன்று நாள் கழித்து, காசியம்மாள் பெயிண்ட் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, துர்கா பட்டறைக்கு வந்தாள். பின்சுவரை ஒட்டி உடைசல் குவியல் கிடந்தது. மூக்கு போன பிள்ளையார், சூளையில் வெடித்த யானை, கழுத்து கோணிய செட்டியார். துர்கா ஒரு செட்டியாரை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“அடி, செவுத்துல.”

“பாவம்க்கா.”

“அவரு ஏற்கனவே கழுத்து ஒடிஞ்சவரு. அடி.”

பூங்கோதை கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். அது சுவர் வரைக்கும் போகவில்லை. பாதியில் பொத்தென்று விழுந்தது. அவளே ஓடிப்போய் எடுத்துத் தடவிப் பார்த்தாள். துர்கா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது செட்டியார் சுவரைத் தொட்டார். ஐந்தாவது ஆள் சிதறினார். அந்தச் சத்தம் பூங்கோதைக்கு ஒருமாதிரி இருந்தது. உடம்பு பூராவும் ஏதோ ஓடியது. அடுத்ததை எட்டி எடுத்தாள். யானை பறந்தது. மயில் பறந்தது. வீட்டில் இத்தனை வருஷம் ‘பாத்து, பாத்து’ என்று கேட்டதெல்லாம் தோளிலிருந்து கழன்று சுவரில் போய் மோதியது. அவள் சிரித்துக்கொண்டே எறிந்தாள். துர்காவுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

“அடியே!”

வாசலில் காசியம்மாள். ஒரு கையில் பெயிண்ட் டப்பா, ஒரு கையில் குடை. பூங்கோதையின் கையில் அந்த நேரம் இருந்தது நல்ல பிள்ளையார். வேகத்தில் எந்தக் குவியலிலிருந்து எடுக்கிறோம் என்றே அவள் பார்க்கவில்லை.

விஷயம் வெளியே வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிக்கொண்டு பெண் பந்தாடப் போகிறாள் என்பது காசியம்மாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

“வெரலு ஒடிஞ்சா யாருடி கண்ணு எழுதுறது? கொலுவு வருது. உள்ள ஒரு வண்டி மீனாட்சி கண்ணு இல்லாம நிக்கிறா. இவ பந்து புடிக்கப் போறாளாம்!”

“அம்மா, சனிக்கெழம ஒரு மேட்ச்தாம்மா. அதோட முடிஞ்சிடும்” என்றாள் துர்கா.

“நீ யாரு பெத்த பொண்ணும்மா? என் வூட்டுல வந்து என் பொருளையே ஒடைக்கச் சொல்லிக் குடுக்குற?”

பேச்சு அதோடு முடிந்தது. சனிக்கிழமை சேலத்துக்குச் சரக்கு ஏற்ற வேண்டும். பூங்கோதை வீட்டில்தான் இருப்பாள்.

துர்கா சும்மா விடுகிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அணி முழுவதையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள். வேலையைச் சேர்ந்து முடித்துக் கொடுத்துவிட்டால் பூங்கோதையை விடுவார்கள் அல்லவா என்பது அவள் கணக்கு. காசியம்மாளுக்கும் ஆள் பற்றாக்குறை. “சரி, செய்யிங்க, பாத்து” என்றார்.

கயல்விழி வைக்கோல் சுற்றினாள். சுற்றிய வேகத்தில் மூன்று மீனாட்சிகளின் கிளி தனியே வந்தது. கபடிப் பெண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். தூக்கத் தெரிந்தது, இறக்கத் தெரியவில்லை. டிராக் சூட்டுக்காக வந்தவள் தானும் கண் எழுதிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தாள். அவள் எழுதிய மீனாட்சி எல்லாம் சொக்கநாதரைச் சந்தேகமாகப் பார்ப்பதுபோல் இருந்தது. துர்கா உதவிக்கு ஓடி வந்து, காயவைத்திருந்த அகல் விளக்கு வரிசையில் கால் வைத்தாள். கால் வழுக்கி, பந்தாட்டக்காரி அல்லவா, வரிசையின் மறுமுனை வரை சறுக்கிக்கொண்டே போனாள்.

பூங்கோதை மட்டும் இங்கும் அங்கும் பாய்ந்து விழுந்ததை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள். காசியம்மாள் தூணைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெண் இப்படித் தாவுவாள் என்று அவருக்குத் தெரியாது. நாலு பேர் நாலு பக்கம் போட, ஒருத்தி பிடிக்கிறாள். ஆனால் ஒருத்தி எத்தனையைத்தான் பிடிப்பாள்?

மத்தியானத்துக்குள் அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

“தாயிங்களா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். நீங்க வெளையாடவே போங்க. இவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. சரக்கு நான் பாத்துக்குறேன்.”

சனிக்கிழமை ஆட்டம் சிதம்பரத்தில். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வரவேண்டிய இரண்டு பேர் பஸ்ஸைக் கோட்டைவிட, அவர்களுக்காக நின்றதில் மற்றவர்களும் பஸ்ஸை விட்டார்கள். பழமலைநாதன் சார் பஸ் ஸ்டாண்டில் விசில் அடித்துப் பார்த்தார். கடைசியில் பட்டறையின் குட்டியானை வண்டிதான் வந்தது. டிரைவர் மாணிக்கவேல் பக்கத்தில் காசியம்மாள் உட்கார்ந்திருந்தார். பெண்ணோடு போகவில்லையாம், வண்டியோடு போகிறாராம். “வண்டி என்னுது” என்றார். அணி பின்னால் வைக்கோல்மேல் உட்கார்ந்து போனது. தலை எல்லாம் வைக்கோலோடு இறங்கியவர்களைப் பார்த்து எதிரணி சிரித்தது.

ஆனால் ஆட்டத்தில் சிரிப்பு நின்றது. கபடிப் பெண்கள் ஓடி ஓடி மறித்தார்கள். பூங்கோதை பிடித்தாள், எறிந்தாள். எறிந்தது முதலில் எதிரணிக்கே போனது. ஒன்று பழமலைநாதன் சாரின் தோளில் பட்டது. ஆனால் கீழே மட்டும் வைக்கவில்லை. கோட்டுக்கு வெளியே காசியம்மாள் முதலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார். பிறகு குடையை மடக்கி நீட்டி ஆட்களுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்.

“சேப்புச் சட்டைய வுடாத! சேப்பு! ஐயோ, அது நம்ம பொண்ணா? சரி, அந்த நீலத்த வுடாத!”

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பந்து மேல் மூலைக்குப் பறந்தது. பூங்கோதை எகிறிப் பிடித்தாள். இறங்கும்போதே துர்கா நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தனியாக நிற்பது தெரிந்தது. கோணல் கழுத்துச் செட்டியாரை நினைத்துக்கொண்டு தோளைச் சுழற்றி விட்டாள். பந்து எல்லார் தலைக்கும் மேலே போனது. துர்கா நெஞ்சில் வாங்கி, ஓடினாள். அண்ணன்களை ஏமாற்றியதுபோலவே எதிரணிக் கீப்பரை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் தட்டினாள்.

அந்த சீசனின் முதல் கோல்.

கோல் போட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள், எல்லாரும் எல்லார் மேலும் விழுந்தார்கள். பூங்கோதை மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடி வந்து துர்காவைத் தூக்கிச் சுற்றினாள். பழமலைநாதன் சார் விசிலை விழுங்கப் பார்த்தார். நடுவர் வந்து ஒவ்வொருத்தியாகப் பிரித்துவிட்டார். பூங்கோதை அம்மாவைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே நடுக்கோட்டைத் தாண்டி மெதுவாகத் திரும்பி நடந்தாள். நடுவர் விசில் அடித்தார். எதிரணித் தலைவி நிமிர்ந்து பார்த்தாள். கோல் கம்பங்களுக்கு நடுவில் ஒரு காக்காய்கூட இல்லை. நடுவில் வைத்த பந்தை அங்கிருந்தே தூக்கி அடித்தாள்.

பந்து பூங்கோதையின் தலைக்கு மேல் போனது. அவள் அதன் பின்னால் ஓடினாள். ஒரு பொருளை அவள் இத்தனை தூரம் துரத்தி ஓடியது அதுதான் முதல் முறை. ஒரு குதி, இரண்டு குதி, உள்ளே.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது. புள்ளிப் பட்டியலில் நம் அணி கடைசி. ஆனாலும் ஒரு புள்ளி.

பூங்கோதை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். துர்கா வந்து அவள் தோளில் கையைப் போட்டாள். “வுடுடி. ஏழு, அஞ்சு, ஒண்ணு. இன்னொரு மேட்ச் இருந்தா நாம ஜெயிச்சிருப்போம்.”

திரும்பும் வழியில் பரோட்டாக் கடையில் வண்டி நின்றது. காசியம்மாள்தான் நிறுத்தச் சொன்னார். பழமலைநாதன் சாரை எதிரே உட்காரவைத்து நியாயம் கேட்டார்.

“ஏன் சார், ஆளு இல்லாத வூட்டுல பூந்து எடுத்தா அதுக்குப் பேரு என்னா?”

“திருட்டுங்க.”

“அப்ப அந்த கோலு?”

சாருக்கு அந்தச் சட்டம் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டி, “விசாரிக்கணுங்க” என்றார்.

“அம்மா, நடுவுல இருந்து அடிச்சாலும் கோலுதாம்மா. ரூல்ஸே அப்படித்தான்” என்றாள் பூங்கோதை.

“நீ சாப்புடு” என்று இன்னொரு பரோட்டாவை அவள் இலையில் போட்டார் காசியம்மாள்.

திங்கட்கிழமை காலை சேலத்து வியாபாரி போன் செய்தார். சரக்கு ஏன் இரண்டு நாள் தாமதம் என்று கேட்டார். “பொண்ணுக்கு மேட்ச்சுங்க. ஒண்ணுக்கு ஜீரோ. ஜெயிச்சிட்டாங்க” என்றார் காசியம்மாள். மீனாட்சி ஒருத்திக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த பூங்கோதை நிமிர்ந்து, “டிராம்மா” என்றாள். பெயிண்ட் கடைக்காரரிடமும் அதே ஒன்றுக்கு ஜீரோதான். அங்கேயும் “டிராம்மா” என்று சொல்லிப் பார்த்தாள். கொலு நெருங்குவதற்குள் கணக்கு இரண்டுக்கு ஜீரோ ஆகியிருந்தது. அப்போது அவள் திருத்தவில்லை. இரண்டாவது கோல் யார் போட்டது என்று மட்டும் கேட்டாள்.

“நீதான்” என்றார் காசியம்மாள்.