கயிறா, பொத்தானா

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மரம் அறுக்கும் சின்னச் சங்கிலி ரம்பங்களில் எது நல்லது என்று இணையத்தில் பார்த்துச் சொல்லும்படி அத்தான் கேட்டார். பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கே ஒன்று வாங்கிவிடலாம் போல ஆசை வந்தது. இத்தனைக்கும் என் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. பிறகு அத்தான், அக்கா, நான் மூவரும் கடைக்குப் போனோம். அங்கே ஒன்று நடந்தது. நடந்து முடிய ஒரு தேநீர் ஆறுகிற நேரம்தான் ஆகியிருக்கும். அதை எழுத உட்கார்ந்து இத்தனை நாளாக அல்லாடுகிறேன்.

கைவிட்ட தொடக்கங்கள் இவை:

“காற்று ஓய்ந்த காலையில் மாமரம் பாதியாக நின்றது.” (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒடிந்தது ஒரே ஒரு கிளை. பின்சுவர் மேல் சாய்ந்து கிடக்கிறது. பாதி மரம் என்று எழுதினால் அக்கா சண்டைக்கு வருவாள்.)

“ஓய்வு பெற்ற ஒரு மனிதனுக்கும் ஒரு கருவிக்கும் இடையே...” (யாரோ மைக் பிடித்துப் பேசுவது மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

“அத்தானின் வலது கை” (இந்த வாக்கியத்துக்கு எத்தனையோ வினைச்சொற்களைப் பொருத்திப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.)

2

அத்தான் லைன்மேனாக இருந்தவர். மின்கம்பி அறுந்தாலும் கம்பி மேல் மரம் விழுந்தாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். நான் கல்லூரியில் படித்த காலமெல்லாம் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அதனால் இது கேள்விப்பட்ட கதையல்ல, கண்ணால் பார்த்தது.

பெருங்காற்று அடித்த மறுநாள் காலை ஊரே இருண்டு கிடக்கும். அத்தான் அலுவலக ஜீப்பில் ஏறிப் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு தெருவிலிருந்து அவருடைய ரம்பத்தின் சத்தம் கிளம்பும். முதலில் இருமும், அப்புறம் உறுமும், அப்புறம் மரத்துக்குள் இறங்கி ஒரே சீராக இழுக்கும். அக்கா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போவாள். அவளுக்கு அந்தச் சத்தமே ஆகாது.

(கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது தவறு. ஆனாலும் அழிக்கப் போவதில்லை.)

அவர் திரும்பி வரும்போது காதுமடல் வரைக்கும் மரத்தூள் இருக்கும். சட்டையில் பெட்ரோலும் பச்சை மரமும் கலந்த ஒரு வாசம். குளியலறைத் தரையில் உதிர்ந்த தூளைப் பார்த்து எங்கே போய்விட்டு வந்தார் என்று நானும் அக்காவும் பந்தயம் கட்டுவோம். மஞ்சளாக இருந்தால் பலா, அப்படியானால் பள்ளிக்கூடத்துத் தெரு. சிவப்பாக இருந்தால் வேம்பு, மருத்துவமனை வாசல். “உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?” என்று தலை துவட்டிக்கொண்டே சிரிப்பார். அந்த வாசம் இப்போது எந்த வீட்டில் இருக்கிறதோ தெரியாது. எங்கேயாவது கடந்து போகும்போது மூக்கில் பட்டால், நான் இன்னும் பாடம் படிக்காத பரீட்சை ஒன்று மறுநாள் இருப்பதுபோலத் தோன்றும். கூடவே, காரணமே இல்லாமல் சந்தோஷமாகவும் இருக்கும்.

ஓய்வு பெற்ற அன்று ரம்பத்தை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அதன்பின் சில வருடங்களில் பக்கவாதம் அவரை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. நடை திரும்பியது, பேச்சு திரும்பியது, வலது கையும் பெரும்பாலும் திரும்பியது. சட்டைப் பொத்தான் போட்டுக்கொள்வார். பழைய பலம் மட்டும் வரவில்லை. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. தொலைக்காட்சியை நிறையப் பார்த்தார். முன்பு ஒருபோதும் பார்க்காதவர்.

போன மாதம் மாங்கிளை ஒடிந்தது. ஆள் கூப்பிட்டு அறுக்கலாம் என்றாள் அக்கா.

“என் வீட்டு மரத்துக்கு வெளியாளா?” என்றார் அத்தான். “சின்னதா ஒண்ணு வாங்கிக்கிறேன். அறுத்த கட்டையில முக்காலி, ஸ்டூல்னு ஏதாவது செய்யலாம்.”

அவர் ஏதாவது செய்யலாம் என்று சொல்லிப் பல நாளாகியிருந்தது. அக்காவால் மறுக்க முடியவில்லை.

3

கடைக்காரம்மா கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கேட்ட முதல் கேள்வியே சிக்கலாகிவிட்டது.

“வேலைக்கா, பொழுதுபோக்குக்கா?”

“பொழுதுபோக்குக்கு,” என்றாள் அக்கா.

“வேலைக்கு,” என்றார் அத்தான்.

இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. கடைக்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சமாதானத்துக்கு என்னைப் பார்த்தார். நான் மண்வெட்டிகளைப் பார்த்தேன்.

முதலில் ஒரு கையால் பிடிக்கிற குட்டி ரம்பத்தை எடுத்து வைத்தார். “இது எதுக்கும்மா, காய் நறுக்கவா?” என்று அத்தான் கேட்டதும் அது அலமாரிக்கே திரும்பியது. மிஞ்சியவை இரண்டு. ஒன்று பேட்டரியில் ஓடுவது. பாதுகாப்புப் பொத்தானை அமுக்கிக்கொண்டு விசையை இழுத்தால் போதும், சுற்றும். கனம் குறைவு, சத்தமும் குறைவு. இன்னொன்று பெட்ரோல் ரம்பம். ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், கயிற்றை இழுத்துக் கிளப்ப வேண்டும். இரண்டுமே அந்தக் கிளைக்குத் தாராளம்.

“பேட்டரியே இருக்கட்டுங்க,” என்றாள் அக்கா.

“பேட்டரி தீர்ந்தா?”

“தீர்ந்தா நீங்களும் கொஞ்சம் உக்காருங்க.”

“உக்காந்துதான் இருக்கேனே.”

அத்தான் பெட்ரோல் ரம்பத்தைத் தொட்டார். இடது கையால்தான். “ஓட்டிப் பாக்கலாமா?”

(இங்கே நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். முதல் பிரதியில் அத்தானைப் பிடிவாதக்காரராக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் யாரோ ஒரு முரட்டுக் கிழவர் வந்து நிற்கிறார். அவர் அப்படிக் கேட்கவில்லை. மிட்டாய்க்கடையில் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதுபோலக் கேட்டார்.)

4

கடைக்குப் பின்னால் சிமெண்டு முற்றம். உடைந்த புல்வெட்டும் இயந்திரங்கள் ஓர் ஓரமாக நின்றன. கடைக்காரம்மா ரம்பத்தைத் தரையில் வைத்து, சங்கிலித் தடுப்பைப் பூட்டி, விலகிக்கொண்டார்.

அத்தான் குனிந்தார். முன்பிடியை இடது கையால் அழுத்தினார். பின்பிடிக்குள் செருப்பு நுனியை நுழைத்தார். அத்தனையும் பழைய வரிசை மாறாமல் நடந்தது. பிறகு வலது கையால் கயிற்றை இழுத்தார். பாதி தூரம் வந்து, கை விட்டுவிட்டது. கயிறு சுருக்கென்று உள்ளே போனது. மறுபடி இழுத்தார். மறுபடியும் பாதி. மூன்றாவது தடவை இழுக்கவில்லை. கயிற்றின் பிடியைப் பார்த்துக்கொண்டே குனிந்து நின்றார்.

“புது மெஷின், அதான் இறுக்கமா இருக்கு,” என்றார் கடைக்காரம்மா. நல்ல மனசு.

அக்கா கைப்பையை என்னிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சுற்றிச் செருகினாள். “தள்ளுங்க,” என்றாள்.

அத்தான் தள்ளவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. கதாசிரியர் என்ற உரிமையில் ஏதாவது எழுதலாம்தான். எழுத மனசு வரவில்லை. பிறகு ஒதுங்கி நின்றார்.

அக்கா அவர் குனிந்த மாதிரியே குனிந்தாள். அதே இடது கை, அதே செருப்பு நுனி. இழுத்தாள். ரம்பம் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

“சோக்கைத் தள்ளு,” என்றார் அத்தான்.

தள்ளினாள். மறுபடி இழுத்தாள். முற்றம் அதிர்ந்தது. நீலப்புகை எழும்பி எங்கள் எல்லோர் மேலும் படர்ந்தது.

“அப்போது அத்தானின் கண்களில்” (கண்ணீர் இல்லை, புகைதான். இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். பிறகு கடைக்காரம்மாவிடம் உரக்கச் சொன்னார்: “பெட்ரோல் கொஞ்சம் அதிகமா குடிக்குது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ள விடணும்.” அந்தக் குரலை நான் கல்லூரிக் காலத்துக்குப் பிறகு கேட்கவே இல்லை.

அணைத்த பிறகு அக்காவிடம் கேட்டார்: “எங்க கத்துக்கிட்ட?”

“எங்கயும் இல்ல. ரிப்பேர்னு ஆபீஸ் ரம்பத்தை வீட்டுக்குக் கொண்டாந்து பின்வாசல்ல உக்காந்து இழுத்துக்கிட்டே இருப்பீங்களே, எத்தனை வருஷம்! நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா இருந்தேன்?”

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். ஜன்னல் வரும் இடத்தில் கத்தி நின்றது.

“எனக்கு அந்தச் சத்தம் ஆகாதுன்னு யார் சொன்னா?”

“நீதானே ஜன்னலைச் சாத்தப் போவே?”

“சாத்தவா? நல்லாத் திறந்து வைக்கப் போவேன்டி.” கத்தியைக் கீழே வைத்தாள். “கம்பி மேல விழுந்த மரம். எதுல மின்சாரம் இருக்கு, எதுல இல்லன்னு யாருக்குத் தெரியும்? அந்தச் சத்தம் கேக்குற வரைக்கும் இவர் நல்லா இருக்காருன்னு அர்த்தம். நின்னுச்சுன்னா எனக்கு மூச்சு நின்னுடும். மறுபடி கிளம்புற வரைக்கும் அங்கயே நிப்பேன்.”

“அப்புறம் ஏன் கடையில பெட்ரோல் வேணாம்னே?”

“அவரால இழுக்க முடியலேன்னா? அந்தம்மா முன்னாடி, உன் முன்னாடி?”

அதே ஜன்னலுக்குப் பக்கத்தில் அத்தனை வருடம் சாப்பிட்டு, படித்து, தூங்கியிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் பகுதியைத் திருத்தவா என்று கேட்டேன்.

“வேணாம். நீ அப்படித்தானே நினைச்சே. இருக்கட்டும்.” மறுபடி வெண்டைக்காயை எடுத்தாள். “ஆனா எதை வாங்கினோம்னு எழுதாத. படிக்கிறவங்க எங்களுக்கு எதை வாங்கித் தர்றாங்கன்னு பாக்கலாம்.”

6

அக்கா பேச்சை மீறும் தைரியம் எனக்கு இல்லை. ஆகவே முடிவுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

பெட்ரோல் என்றால்: அத்தான் பின்வாசலிலிருந்து குரல் கொடுப்பார். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கயிற்றை இழுத்துக் கொடுப்பாள். பிறகு அவர் வேலை அவருக்கு. வீட்டுக்குள் எந்த மூலையில் இருந்தாலும் அவளுக்குக் கேட்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் கூப்பிட்டாக வேண்டும். அவள் கோபத்தில் இருக்கும் நாளிலும் கூப்பிட வேண்டும். அவள் வீட்டில் இல்லாத நாளில் ரம்பத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும்.

பேட்டரி என்றால்: யாரையும் கேட்க வேண்டாம். நினைத்தால் எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கலாம். மறுபடியும் அவர் கை, அவர் மரம், அவர் காலைப்பொழுது. ஆனால் மிக்ஸி ஓடும்போதும் குழாய் திறந்திருக்கும்போதும் அக்காவுக்கு ஒன்றும் கேட்காது. துண்டு கொடுக்கிற சாக்கில் ஒரு தடவை, தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பாள். “என்ன, விரலை எண்ணிப் பாக்க வந்தியா?” என்பார். “ஆமா,” என்பாள்.

(மூன்றாவதாக, எதையும் வாங்காமல் திரும்பும் முடிவு ஒன்று எழுதிவைத்திருந்தேன். அழகாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன். எழுத்து அழகுக்காக ஒரு மனிதரைத் திரும்பத் தொலைக்காட்சி முன்னால் உட்காரவைக்க முடியாது.)

ஏதோ ஒன்றை வாங்கினோம். காரில் வரும்போது அட்டைப்பெட்டி என் மடியில் இருந்தது. முன்னால் அவர்கள் இரண்டு பேரும். அக்காவின் உள்ளங்கையில் கயிற்றுப்பிடி அழுத்திய சிவப்பை அத்தான் தன் வலது கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். (அப்படியானால் கார் ஓட்டியது யார் என்று கேட்பீர்கள். வாடகைக் கார். டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்கிற அகலத்துக்கு முன்சீட்டு இருந்த பழைய வண்டி. நம்பினால் நம்புங்கள்.)

இன்று காலை அத்தான் போனில் கூப்பிட்டார்.

“கதை முடிஞ்சுதா? அதுல நாங்க எதை வாங்கினோம்?”

“இன்னும் வாங்கல அத்தான். கடையிலேயேதான் நிக்கிறீங்க.”

“இன்னுமா?” என்றார். “பாவம், உங்க அக்காவுக்கு ரொம்ப நேரம் நின்னா கால் வலிக்கும். யாரையாவது சீக்கிரம் சொல்லச் சொல்லு.”

சொல்லிவிட்டேன். இனி நீங்கள்தான்.