பாஸ்போர்ட்டைக் காப்பாற்றியவர்

அவர் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று சொல்லிக்கொடுத்தே இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கியவர். அப்படிப்பட்டவர் மனைவியோடு முதன்முறையாக வெளிநாட்டுக்குச் சுற்றுலா கிளம்பினால் சும்மா கிளம்புவாரா? இரண்டு மாதம் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பாஸ்போர்ட்டுக்கு மூன்று நகல், மருந்துச் சீட்டுக்கு இரண்டு, தூதரகத்தின் தொலைபேசி எண் பெட்டிக்கு ஒன்று, கைப்பைக்கு ஒன்று. எல்லா அசலையும் கழுத்தில் தொங்கும் ஒரு தோல் பைக்குள் அடக்கினார்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நாலு உடுப்பையும் ஒரு நாவலையும் வைத்துப் பெட்டியை மூடிவிட்டாள்.

ஓட்டலில் ஏழாம் மாடியில் அறை. பெட்டியைக்கூடத் திறக்கவிடாமல், அவசரப் படிக்கட்டுவரை எத்தனை கதவு என்று மனைவியை நடந்து எண்ணச் சொன்னார். ஒன்பது. டீச்சர் அலுத்துக்கொள்ளாமல் எண்ணினாள்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவள் குளியலறையில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்க்கவேண்டிய கோட்டையின் வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அபாய மணி அலறியது.

அதற்குப் பிறகு அவர் செய்ததில் விதிப்படி ஒரு பிசகு சொல்ல முடியாது. பதறவில்லை. காலில் கண்ணாடி குத்தக்கூடாதென்று ஷூ போட்டு நாடாவை இறுக்கினார். தோல் பையை மாட்டினார். கதவைத் தொட்டுப் பார்த்தார், சூடில்லை. வெளியே வந்து, புகை பரவாமலிருக்கக் கதவை இழுத்துச் சாத்தினார். லிஃப்ட் இருந்த திசையைத் திரும்பியும் பார்க்காமல் ஏழு மாடி இறங்கி, எதிரே கார்கள் நிற்கும் திடலில், கூடுமிடம் என்ற பலகைக்குக் கீழே முதல் ஆளாகப் போய் நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே நிமிடம். தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறை.

பட்டியலும் பேனாவுமாக வந்த ஓட்டல் பெண் அறை எண்ணைக் கேட்டாள். எத்தனை பேர் என்றாள். இரண்டு என்றார். இன்னொருவர் எங்கே என்றாள்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

வந்த வழியே ஓடினார். வாசலில் காவலாளி குறுக்கே கை நீட்டினார். உள்ளே மறுபடி போகக்கூடாது என்ற விதி பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரியாததா? பர்ஸை எடுக்கிறேன், சாப்பாட்டு டப்பாவை எடுக்கிறேன் என்று ஓடப் பார்த்த தொழிலாளிகளை இதே மாதிரி கை நீட்டி மறித்து, வாங்கு வாங்கென்று வாங்கியவர்தானே. இப்போது அந்தக் கையைப் பிடித்துக் கெஞ்சினார். படித்த ஆங்கிலமெல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துவிட, "என் வீட்டுக்காரி, என் வீட்டுக்காரி" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். காவலாளி அசையவில்லை.

கால் மணி நேரம் கழித்து, கடைசி ஆளாக அவள் வந்தாள். தலையில் துண்டு, காதோரம் நுரை, வெறுங்கால். எதிர் அறைப் பெண்மணி, ஒரு காலில் மாவுக்கட்டோடு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள்.

"லிஃப்ட்ல போகக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒவ்வொரு படியா இறக்கிக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் டீச்சர். பிறகு அவர் கழுத்தைப் பார்த்தாள். "எல்லாம் பத்திரமா இருக்கா?"

"நீ மட்டும்தான் விட்டுப்போச்சு" என்றார்.

தீ எதுவும் இல்லை. மூன்றாம் மாடியில் யாரோ ரொட்டியைக் கருகவிட்டிருந்தார்களாம்.

கோட்டைக்குப் போனார்கள். அவள் முன்னால் நடந்தாள். அவர் பத்தடி பின்னால். மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்து நின்றபோது, மெல்ல ஆரம்பித்தார். தான் பயந்து ஓடவில்லை, பழக்கதோஷத்தில் ஓடிவிட்டதாகச் சொன்னார்.

"பயந்து ஓடியிருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றாள். "நிதானமா கதவை வேற சாத்திட்டுப் போயிருக்கீங்க."

அவர் கழுத்தில் தொங்கிய தோல் பையைச் சட்டைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை உணவுக்கு மாவுக்கட்டுப் பெண்மணி அவர்களைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டாள். டீச்சருக்கு நன்றி சொல்லி மாளவில்லை அவளுக்கு. பேச்சுவாக்கில், உங்கள் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டாள். தொழிற்சாலையில் ஏதோ வேலை என்று அவரே முந்திக்கொண்டு முணுமுணுத்து, தட்டில் கண்ணாக இருந்தார். டீச்சர் விடவில்லை. பதவியின் பெயரைத் தெளிவாக, பாடம் நடத்துகிற குரலில், இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பெண்மணி சிரித்த சிரிப்பில் மேஜைக்கடியில் மாவுக்கட்டு டொக்கென்று இடித்தது. டீச்சர் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, அவளும் சிரித்துவிட்டாள். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும், அவர் அப்பாடா என்று மூச்சுவிட்டார்.