மதராஸ் நடிகர் சொன்ன சொல்

அது அறுபத்தெட்டா, அறுபத்தொன்பதா என்பது சரியாக நினைவில்லை. நடிகரின் சட்டை நிறம்கூட மறந்துவிட்டது. மலையாள தேசத்து ஆரியசாலையில் ஆறுமுகநயினாரின் கூந்தல் தைலக்கடையைத் திறந்துவைக்க அவர் வருவதாக ஏற்பாடு. அவர் பேசவேண்டியதை தைலம் தயாரிக்கும் மதராஸ் கம்பெனியே தூய தமிழில் அச்சடித்து அனுப்பியிருந்தது. கடையின் குமாஸ்தா பிச்சுமணி அதைப் படித்துவிட்டு முதலாளியிடம் ஓடினார்.

“மொதலாளி, ‘என் மயிரைப் பாருங்கள்’னு போட்டிருக்கான். மலையாளத்துல அது பச்சைக் கெட்ட வார்த்தையாச்சே! ஜனங்க கல்லெறியும். எறியலேன்னா நான் வேலையை விட்டுடறேன்.”

“சும்மா இரும் சாமி. அவரு வாயால வந்தா அதுவும் தேவாரந்தான்.”

திறப்பன்று நடிகர் தலையைக் கோதிக்கொண்டு அதையே முழங்கினார். கூட்டம் திகைத்து நின்றது. பிச்சுமணி நம்பிக்கையோடு காத்திருந்தார்.

“கேட்டோடா! அண்ணன் நம்ம பாஷை சம்சாரிக்குன்னு!” என்று, அண்ணன் மலையாளம் பேசிவிட்ட பூரிப்பில் ஒருவன் விசிலடித்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் பல்லை உடைத்திருக்கும் கூட்டம், அந்தச் சொல்லைக் கோஷமாகவே போட்டது. “இன்னொரு தடவை!” என்று கெஞ்சியது. நடிகரும் மனமிரங்கி மூன்று முறை அருளினார்.

பிச்சுமணி சொன்னபடி வேலையை விட்டு, தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் சேர்ந்து, அங்கேயே கிழவரானார். ஆறுமுகநயினார் இன்னும் இரண்டு கடைகள் திறந்தார். நடிகர் சோப்பு விளம்பரத்துக்குப் போனார். விசிலடித்தவன் ரசிகர் மன்றத் தலைவரானான்.