பேரம் பேசும் வகுப்பு

ஆக்லாந்தில் எங்கள் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் பேரம் பேசுவதும் ஒரு பாடம். "மதுரைக்காரனுக்கு இதைச் சொல்லித் தரணுமா?" என்று மனுரேவாவிலிருந்து ரயிலில் வரும்போதே நண்பர்களிடம் அளந்துகொண்டு வந்தேன்.

அன்றைய பயிற்சியில் நான் பழைய காரை விற்பவன். யாழ்ப்பாணத்துத் துளசிகா வாங்குபவர். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். காரின் பெருமைகளை மூச்சு விடாமல் அடுக்கி, விலையைச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் என்னையே பார்த்தார். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. விலையைக் குறைத்தேன். மறுபடியும் அதே பார்வை. நான்கு டயரையும் மாற்றித் தருவதாகச் சொன்னேன். அப்புறம் பெட்ரோலையும் நிரப்பித் தருவதாகச் சொன்னேன். மணி அடித்தபோது கார் ஏறக்குறைய இனாமாகப் போயிருந்தது. வகுப்பே சிரித்தது.

வெளியே வந்ததும் கேட்டேன், "இந்த வித்தைய எங்க கத்துக்கிட்டீங்க?"

"வித்தையோ? நீங்கள் கதைச்ச வேகத்துக்கு எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறதுக்குள்ள காரைத் தந்திட்டீங்கள்."

அடுத்த பயிற்சிக்குத் துளசிகாவை என் அணியிலேயே சேர்த்துக்கொண்டேன். மறுபடியும் அவருக்கு எதிரே உட்காரும் தைரியம் மதுரைக்காரனுக்கு இல்லை.