தோல் வியாபாரம் பற்றிய கேள்வி

பத்து மணிக்குத்தான் நேர்காணல். ஒன்பதரைக்கே என் மனுசன் அருமைராசா மடிக்கணினியைத் திறந்துவைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி கோட்டும் டையுமாக மேசையில் உட்கார்ந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே சாரம். "கீழ தெரியாதுதானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பையும் பயம் பிடித்துக்கொண்டது.

கனடாக் குடியுரிமைச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். மூன்றாவது தரம் எழுத்துச் சோதனை கிடையாது, அதிகாரி வீடியோவில் நேரே கேள்வி கேட்பார். இதிலும் தவறினால் விண்ணப்பத்தை மறுத்துவிடுவார்கள், எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகள் சாருஜா லண்டனில் கட்டிப் போயிருக்கிறாள். இவருடைய இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு இரண்டு தடவை விசா மறுத்துவிட்டார்கள். மகளின் கல்யாணத்தை வட்ஸ்அப்பில் பார்த்த தகப்பன் இவர். ஜூனில் அவளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. "அதையாவது கையில தூக்க வேணும்" என்று ஒரே ஒருநாள் சொன்னார், பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

படிப்பில் குறையில்லை. மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் குளிர் ஜாக்கெட் செய்கிற தொழிற்சாலையில், தொப்பி விளிம்புக்கு உரோமத்தோல் தைப்பதுதான் பதினெட்டு வருடமாக அவர் வேலை. அதனால் சோதனைப் புத்தகத்தில் இந்த நகரம் வளர்ந்த கதை அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆற்றங்கரையில் ஒரு சின்னக் குடியிருப்பு. பூர்வகுடிகள் வள்ளங்களில் பீவர் என்ற நீர்மிருகத்தின் தோல் கொண்டுவந்து சட்டிக்கும் கம்பளிக்கும் கோடரிக்கும் மாற்றிக்கொண்டு போனார்கள். அந்த வியாபாரம் பெருத்துப் பெருத்து மொன்றியல் ஆனது. சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு எனக்கே வகுப்பெடுப்பார். "பாரும், முந்நூறு நானூறு வருசமா இந்த ஊர் செய்யிற வேலையைத்தான் நானும் செய்யிறன். எனக்குப் போய்ச் சோதனை வைக்கிறாங்கள்."

நேர்காணல் நடக்கிற அறையில் வேறு ஒருவரும் இருக்கக்கூடாது என்பது விதி. நான் வேலைக்கு வெளிக்கிட்டேன். "நீர் வீட்டை நில்லும். உள்ளுக்கு இருந்தாலே காணும்" என்றார். படுக்கையறைக் கதவைச் சாத்தி, காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி ஒரு பெண். இனிமையான குரல், பிரெஞ்சு வாடையடிக்கிற ஆங்கிலம். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள். பிறகு, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"நோ" என்றார். "நோபடி. ஒன்லி மீ."

மனைவி அடுத்த அறையில் என்று சொல்லியிருந்தால் ஒன்றுமே இல்லை. அப்படித்தான் சற்று முன்னர் மூன்று தரம் சொல்லிப் பழகினோம்.

இந்தக் கேள்வி அவரை எங்கே கொண்டுபோகும் என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தொண்ணூற்றேழில் வவுனியாவில், வாசலில் நின்று ஆமிக்காரன் கேட்டதும் இதே கேள்விதான். இல்லை என்றார் இவர். உள்ளறையில் இவருடைய தம்பி வசீகரன் இருந்தான். அவனைக் கொண்டுபோனதோடு சரி. இவரைப் பதினொரு நாள் வைத்து விசாரித்தார்கள். எதைக் கேட்டாலும் தெரியாது என்றே சொல்லித் தப்பி வந்தவர். தெரியும் என்று சொன்னவர்கள் திரும்பவில்லை. இதெல்லாம் மச்சாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இவர் வாய் திறந்ததில்லை.

கைபேசியை அணைத்தேன். தும்மல் வந்துவிடுமோ என்று மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பழைய காலத்தில் மொன்றியலில் இருந்து நடந்த பெரிய வியாபாரம் எது என்று கேட்டாள். சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று கதவோடு முணுமுணுத்தேன்.

"ஐ டோன்ட் நோ, சேர்."

பெண்ணைப் பார்த்துச் சேர் என்கிறார். ஐந்து சத நாணயத்தில் இருக்கிற மிருகத்தை யோசித்துப் பாருங்கள் என்று அவள் எடுத்துக் கொடுத்தாள். தெரியாது, சேர். வள்ளங்கள் போன ஆறு? தெரியாது, சேர். ஆள் பயந்துபோனார் என்று நினைத்தாளாக்கும், குரலை இன்னும் தணித்தாள். "சரி, அதை விடுங்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?"

"தன்னே நே, மாத்தயா" என்றார்.

தெரியாது ஐயா. சிங்களத்தில். இருபத்தாறு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சிங்களம் பேசி நான் கேட்டதே இல்லை.

வெளியே போனால் பொய் பிடிபடும். அதிகாரிக்குப் பொய் சொன்னவருக்கு யார் குடியுரிமை கொடுப்பார்கள்? ஜூனும் போய்விடும், பேரப்பிள்ளையும் வட்ஸ்அப்பில்தான். ஆனால் பதினொரு நாள் அவர் தனியே இருந்த அந்த இடத்தில் இன்னொரு நிமிடம் அவரை விட எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறந்தேன்.

"இஞ்சாருங்கோ" என்றேன். "நான்தான்."

திரையில் அந்தப் பெண் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழும்பினார். நிலத்தில் முழங்காலை ஊன்றி, இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.