கண் கட்டியவர்களின் வகுப்பறை

கோடை விடுமுறைக்குச் செஞ்சிக்கு வந்த ரஞ்சிதமும் வேதநாயகியும் அந்த வருஷம் சும்மா இருப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். இருவரும் சென்னையில் ஒரே விடுதியில் தங்கி பி.ஏ. படித்துக்கொண்டிருந்தவர்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பஸ்ஸிலேயே பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் நூலகத்துக்குப் போய், கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தருகிறோம் என்றார்கள். "படிக்க வர்றதே நாலு பேரும்மா. புத்தகம் எங்க கிழியுது?" என்றார் நூலகர். பிறகு பக்கத்து ஊரான வல்லத்தில் சாலை போடும் இடத்துக்குப் போய் மண்கூடை சுமந்தார்கள். மத்தியானம் அங்கே வேலை செய்த ஒருத்தி ரஞ்சிதத்தைத் தனியே கூப்பிட்டாள். "நீங்க கூலியில்லாம சுமந்தா, நாளைக்கு எங்களை யாரு கூப்புடுவா?" என்றாள். அவள் குரலில் கோபமில்லை. இருவரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

அதற்கடுத்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தது. பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டுவிட்டு வகுப்பறைகளில் பாய் விரித்திருந்தார்கள். கண்புரை எடுத்தவர்கள் இரண்டு கண்களிலும் கட்டோடு, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து, சில நாள் அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். திடீரென்று எழுந்தால் தையல் பிரிந்துவிடும். பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை.

"கஞ்சி ஊட்டணும், மூத்திரச் சட்டி எடுக்கணும். மூஞ்சி சுளிக்கறதா இருந்தா இப்பவே போயிடுங்க" என்றார் நர்ஸ்.

அவர்கள் போகவில்லை. பெண்கள் படுத்திருந்த இரண்டு அறைகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ரஞ்சிதத்தின் அறையில் ஜன்னலோரம் படுத்திருந்தவள் தளவானூர் சுந்தராம்பாள். மூன்று வருஷமாகப் பார்வை மங்கி மங்கி, கடைசியில் வெயில் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்துகொண்டிருந்தவள். மகன் பெரியதம்பி வண்டி கட்டிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மல்லாட்டை பிடுங்குகிற நேரம் என்று கடலைக் கொல்லைக்குத் திரும்பிவிட்டான். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறையில் ஏறிய சூடெல்லாம் அந்த அறைக்குள்தான் இறங்கியது. ரஞ்சிதம் விசிறிக்கொண்டே இருப்பாள், சுந்தராம்பாள் பேசிக்கொண்டே இருப்பாள். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால்தான் அவளுக்குக் கஞ்சி.

மூன்றாம் நாள் பிற்பகல் ரஞ்சிதத்தின் அப்பா கோதண்டராமன் வந்தார். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். மகளை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போய்ப் பேசினார்.

"புத்தகம் ஒட்டற வேலைன்னு சொன்னே. பஜார்ல இன்னா பேசறாங்க தெரியுமா? கோதண்டராமன் பொண்ணு மூத்திரச் சட்டி தூக்குதாம்! கெளம்பு வீட்டுக்கு."

"மெதுவா பேசுங்க நைனா. உள்ள எல்லாரும் படுத்திருக்காங்க."

அப்போது அடுத்த அறையிலிருந்து வேதநாயகி கத்தினாள். "ரஞ்சிதம், ஓடியா! இந்தம்மா எழுந்திரிக்கப் பாக்கறாங்க, என்னால புடிக்க முடியல!"

ரஞ்சிதம் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், சுந்தராம்பாளின் பாய் அருகில் உட்கார வைத்தாள். பாலாடையை அவர் கையில் திணித்தாள். தலை அசையாமல் பார்த்துக்கொள்ளும்படி ஜாடை காட்டிவிட்டு ஓடினாள்.

கோதண்டராமன் வெள்ளைச் சட்டையோடு குந்தியிருந்தார்.

"எங்க போய்ட்ட பொண்ணே? இன்னும் ரெண்டு வாய் குடு" என்றாள் சுந்தராம்பாள்.

நான் உன் பொண்ணு இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தவர், ஆண் குரல் கேட்டுப் பதறி எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டார். பாலாடையை மெல்லச் சாய்த்தார். கொஞ்சம் கன்னத்தில் வழிந்தது. மேல்துண்டின் நுனியால் துடைத்தார்.

"கால்ல போர்வை வெலகிக் கெடக்குது பாரு. இழுத்து உடும்மா. ஆம்பளைங்க யாராச்சும் வந்துடப் போறாங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார்.

"உங்க நைனா எப்பிடித்தான் உன்னை அனுப்பி வெச்சாரோ. எங்க ஊட்ல எல்லாம் உட மாட்டாங்க. அவருக்குப் பெரிய மனசு." சுந்தராம்பாள் சற்று நேரம் காத்திருந்தாள். "இன்னாடி, பேச மாட்டேங்கற? எங்கிட்ட கோவமா?"

பதிலுக்கு அவர் இன்னொரு வாய் கஞ்சி கொடுத்தார். பிறகு, கீழே கிடந்த விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தார்.

அந்தம்மாவைப் படுக்க வைத்துவிட்டு ரஞ்சிதம் திரும்பி வந்தபோதும் அவர் வீசிக்கொண்டிருந்தார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் எழுந்து வெளியே வந்தார்.

"நான் இருந்தேன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடாதே. கூச்சப்படும்."

"வீட்டுக்குக் கெளம்பணுமா நைனா?"

"வேலையை முடிச்சிட்டு வா" என்று சொல்லிவிட்டு, பஜார் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை கடையிலிருந்து, கட்டுப் போட உதவும் என்று, மெல்லிய மல் துணி ஒரு கட்டு வந்தது. அதற்குப் பிறகு கடையில் வியாபாரம் மந்தமான நேரங்களில், ஆண்கள் படுத்திருந்த அறையில் அவர் யாருக்கோ விசிறிக்கொண்டிருந்ததாக வேதநாயகி சொன்னாள். ரஞ்சிதம் எட்டிப் பார்க்கப் போகவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று பயந்தாள்.

கட்டுப் பிரிக்கிற நாளில் பெரியதம்பி வண்டியோடு வந்து சேர்ந்தான். டாக்டர் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். சுந்தராம்பாள் மெல்லக் கண் திறந்தாள். வெளிச்சம் தாங்காமல் மூடினாள். மறுபடி திறந்தாள்.

"என்னம்மா தெரியுது?" என்றார் டாக்டர். "இப்ப கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். கண்ணாடி போட்டா சரியாயிடும்."

அவள் ரஞ்சிதத்தைப் பார்த்தாள். "இவ்ளோ சின்னப் பொண்ணா நீ? இன்னும் கொஞ்சம் வயசிருக்கும்னு இல்ல நெனைச்சேன்!" என்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"துண்டை எடுடா தலையிலேர்ந்து."

"எதுக்கும்மா?"

"எடுடா."

அவன் எடுத்தான்.

"நரைச்சிப் போச்சேடா உனக்கு" என்றாள். "எப்போடா?"

"அது ஆச்சும்மா ரெண்டு வருசம்."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

பெரியதம்பி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் அவளை எச்சரித்தார். அவள் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அவன் பாயருகே மண்டியிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் அந்த நரைமுடியை விரல்களால் கோதிக் கோதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த பாயில் படுத்திருந்தவள் தண்ணீர் கேட்டாள். ரஞ்சிதம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாலாடையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.