அண்ணியிடம் காட்டக் கூடாத பக்கம்

1

மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கதை எழுதக் கற்கும் மாலை வகுப்பில் என் கதையின் முதல் வரியை வாசித்தேன்: "என் அண்ணி ஆஸ்துமாவுக்குப் புதிய மருந்து கண்டுபிடித்தவர்." உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அண்ணி இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. மருந்தும் புதிதல்ல. தைராய்டு மந்தமாக உள்ளவர்கள் பல காலமாகச் சாப்பிட்டுவரும் சாதாரண மாத்திரைதான்.

கதை பிறந்ததே அந்த மாத்திரையில் என்பதால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவால் திணறுகிறவர்களில் சிலருக்குத் தைராய்டும் இலேசாக மந்தமாக இருக்கிறது. மருந்து தேவையா என்று மருத்துவர்களே தயங்கும் அளவு. அதைச் சரிசெய்தால் மூச்சும் கொஞ்சம் இலகுவாகுமா? இதுதான் மருத்துவரான அண்ணியின் நான்கு வருட ஆய்வுக் கேள்வி. ஆய்வில் சேர்ந்த எல்லோரும் வழக்கமான இன்ஹேலரை விடாமல் எடுக்கிறார்கள். கூடவே பாதிப் பேருக்கு உண்மை மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அண்ணிக்கும் தெரியாது. ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் அவைகூட வேறொரு மாடியில் வேறொருவரிடம் போய்விடும்.*

* எழுதுகிறவனுக்குத் தன் பாத்திரங்களைப் பற்றி எல்லாமே தெரிந்திருக்க வேண்டும் என்கிறார் எங்கள் வகுப்பு ஆசிரியர். அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டேன். இப்போது குழப்பமாக இருக்கிறது.

2

கதைக்கு ஒரு நோயாளி வேண்டும். வீட்டில் அண்ணி தன் நோயாளிகளைப் பற்றி வாயே திறக்க மாட்டார். ஆகவே நானே ஒருவரை உண்டாக்கினேன். [முதலில் பாடகர் என்று வைத்தேன். எல்லோரும் பாடகரைத்தான் வைப்பார்கள். அடித்துவிட்டேன்.] கால்பந்து நடுவர். விசில் ஊத மூச்சு போதாத நடுவர். அடுத்த மாதம் அவருக்கு உடல்தகுதித் தேர்வு. ஓடித் தேறாவிட்டால் மைதானத்துக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். தனக்கு வருவது வெறும் மாத்திரை என்று அவருக்குச் சந்தேகம். அப்படியென்றால் ஆய்விலிருந்து விலகி, உண்மை மாத்திரையை வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார்.

மூச்சின் அளவு பார்க்கும் பரிசோதனை அறை. மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய்.

"நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!" அண்ணியின் குரல் நடைபாதைவரை கேட்கிறது.

நடுவர் கிளிப்பைக் கழற்றினார். "டாக்டரம்மா, இப்படிக் கத்துறீங்களே, பேசாம மைதானத்துக்கு வந்துடுங்க. விசிலே தேவைப்படாது."

"அடுத்த தடவை ஊதணும், பேசக் கூடாது."

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எனக்குத் தர்றது நிஜ மாத்திரையா, சும்மாவா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு நான் மைதானத்துல சொன்னா செருப்பு பறக்கும்!"

அப்போது அண்ணி கனிவோடு அவர் கையைப் பற்றி... [இல்லை. அண்ணி அப்படிச் செய்ய மாட்டார். இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.]

3

மார்ச் 11, புதன். சாப்பாடு முடிந்ததும் தாள்களை அண்ணியிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தின் அடியில் நிறுத்தினார்.

"தம்பி, அடுத்த பக்கத்துல அவருக்கு எந்த மாத்திரைன்னு எழுதியிருக்கியா?"

"ஆமா அண்ணி. அதுதானே திருப்பம்."

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "அப்ப எனக்கு வேணாம்."

"இது கற்பனை அண்ணி! இப்படி ஒரு ஆளே கிடையாது."

"உன் ஆள் கற்பனை. நாளைக்கு என்கிட்ட வர்றவங்க கற்பனை இல்லையே. உன் கதைல ஒருத்தர் தேறிட்டார்னு படிச்சிட்டுப் போனா, ஸ்டெத் வெக்கிறப்ப மனசு அதையே தேடும். ஏற்கெனவே இருக்கிற ஆசையே போதும்."

அண்ணன் தட்டைக் கழுவியபடியே சிரித்தான். "இவகிட்ட எதையும் நேரா கேட்டுட முடியாதுடா. குழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னதுக்கு, ரெண்டு கிண்ணம் வெச்சு எது எதுன்னு சொல்லாம சாப்பிட வெச்சா."

"உப்பு ஜாஸ்தின்னு நீங்க காட்டின கிண்ணத்துல உப்பே போடல," என்றார் அண்ணி.

"சரி அண்ணி, அவர் விலகறேன்னு சொன்னா?"

"தாராளமா விலகலாம்."

"தடுக்க மாட்டீங்களா? இப்படி ஒவ்வொருத்தரா போனா நாலு வருஷ வேலை என்னாகும்?"

"வீணாகூடப் போகலாம். அதுக்காக ஒருத்தரைக் கட்டிப்போட முடியுமா?"

பலித்துவிட வேண்டும் என்று நான்கு வருடமாக ஏங்குகிறவர், அந்த ஏக்கம் தன் காதுக்குள் புகுந்துவிடாமல் காவலும் காக்கிறார். எனக்கோ கதையின் முடிவை இரண்டு நாள்கூட வெளியே சொல்லாமல் மனதில் வைத்திருக்க வரவில்லை.

4

மார்ச் 12, வியாழன். கதைக்கு யோசித்த முடிவுகள்.

(அ) உண்மை மாத்திரை. நடுவர் ஓடித் தேறுகிறார். — அண்ணியின் ஆய்வு முடிவை நான் அறிவிப்பதுபோல் இருக்கிறது. கிழித்தாயிற்று.

(ஆ) வெறும் மாத்திரை. நம்பிக்கையாலேயே தேறுகிறார். — வகுப்பில் கைதட்டுவார்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

(இ) எந்த மாத்திரை என்று எனக்கும் தெரியாமல் எழுதிப்பார்ப்பது:

"இன்னைக்கே வேணாலும் விலகலாம். உங்க வழக்கமான சிகிச்சை எதுவும் குறையாது," என்றார் அண்ணி. "ஆனா அந்த மாத்திரையை நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க. தேவையில்லாம சாப்பிட்டா நெஞ்சு படபடக்கும். ஒரு டாக்டரைக் கேட்டுக்குங்க."

"இங்கேயே இருந்தா எனக்கு நல்லதா?"

"அதைத்தான் நாலு வருஷமா நானும் கேட்டுட்டிருக்கேன்."

நடுவர் விடவில்லை. "உங்களுக்கு எந்தப் பக்கம் ஜெயிக்கணும்?"

"நிஜ மாத்திரைதான். மறைக்க என்ன இருக்கு?"

"ஆனா சாய மாட்டீங்க."

"சாஞ்சா அப்புறம் ஆட்டம் எதுக்கு?"

அவர் கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார். "சரி, கத்துங்க."

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் ஆய்விலேயே இருந்துவிட்டார். எந்த மாத்திரை, தேர்வில் தேறினாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்களுக்குள் ஒரு யூகம் ஓடிக்கொண்டிருக்கும். ஓடட்டும். அண்ணியை எங்காவது பார்த்தால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நாளை: வேலை முடிந்து வந்ததும் கதையை முதலிலிருந்து படித்து, ஏதாவது ஒரு வாக்கியம் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும்.